கால் கொடுத்தல்

கை கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள்.
கீழ்வீட்டு ஃப்ரெசியா
கால் கேட்டு வந்தாள்.
"வலது கால் ஒன்று போதும், ரோசால்பா, அரை மணி நேரம்."
இரவுப் பணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

வால்பரைசோவில் சமதரை என்றால்
துறைமுகத்தை ஒட்டி நாலைந்து தெரு.
மற்றதெல்லாம் ஏற்றம்,
அல்லது அதே ஏற்றம் திரும்பி வரும்போது.
பிரேக் சரியில்லாத காரை இங்கே
விற்கக்கூடக் கீழே கொண்டுபோக முடியாது.

முன்சக்கரங்களுக்குக் கேலிப்பர் புதிது, பேட் புதிது.
தன் கையால்தான் மாட்டியிருக்கிறாள்.
மெக்கானிக் உர்பீனா கேட்ட கூலியில்
மகன் பல்லுக்குக் கம்பியே கட்டிவிடலாமாம்.
எல்லாம் சரி,
பெடலை மிதித்தால் மட்டும்
கால் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது,
பிசைந்து மூடிவைத்த ரொட்டி மாவுக்குள் போல.
தரைவிரிப்பைத் தொட்ட பிறகுதான்
காருக்கு ஏதோ ஞாபகம் வருகிறது.

"குழாய்க்குள் காற்று" என்றாள்.
"எண்ணெய் முரட்டுப் பயல், அழுத்தினால் திருப்பித் தள்ளும்.
காற்று நல்லவன் மாதிரி
எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கும்."

அவள் சக்கரத்தருகே மண்டியிட்டாள்.
நான் ஓட்டுநர் இருக்கையில், வாழ்நாளில் முதல்முறையாக.
அழுத்து.
பிடி.
கீழே திருகு நெகிழ, பெடல் சரிகிறது —
விடாதே, விடாதே, விடாதே —
ம், இப்போ விடு.

ஜாம் பாட்டிலுக்குள் விட்ட குழாயைப் பார்த்து
"வருது" என்பாள்.
"இன்னும் வருது."
அரை மணி இரண்டு மணியானது.
மேலே எண்ணெய்க் கிண்ணம் வற்றியதை
இருவருமே பார்க்கவில்லை, ஒருமுறை;
மறுபடி முதலிலிருந்து.
என்னைத் திட்டவில்லை அவள்.
ஸ்பேனரைத் திட்டினாள், அதைப் பெற்றவளையும் சேர்த்து.
படிக்கட்டில் படுத்திருந்த நாய்
எழுந்து இடம் மாறிப் படுத்தது.

கடைசியில் குமிழி நின்றது.
பெடல் மட்டும் அதே மாவு.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, இறங்கி
டார்ச் வெளிச்சத்தில் அவளருகே குந்தினேன்.
எனக்குக் கார் தெரியாது.
குழந்தைகள் வார்டில் தாதி நான், பதினாறு வருடம்.
மருந்தை இழுத்ததும்
ஊசிமுனை வானம் பார்க்க நிறுத்தி
நகத்தால் இரண்டு தட்டு,
ஏறி வரும் குமிழியை வெளியே தள்ளி,
அதற்குப் பிறகுதான் பிள்ளையின் கை.

"இந்த மூக்கு ஏன் தரையைப் பார்க்கிறது?"

ஃப்ரெசியா பதில் சொல்லவில்லை.
எழுந்து அந்தப் பக்கம் போனாள்.
அங்கேயும் தரை.
இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறாள்.
உத்தரத்துப் பல்லியாய் உச்சியில் ஒட்டியிருக்கிறது காற்று,
நாங்கள் இவ்வளவு நேரமும்
தரையைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

கார் பம்பரில் உட்கார்ந்து சிரித்தாள்,
கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன்,
மூக்கைப் புறங்கையால் துடைத்துக் கறையாக்கிக்கொண்டாள்.
பிறகு ஜாக்கி, பிறகு எல்லாம் மறுபடி.
துறைமுகத்துக் கிரேன்களில் விளக்கு எரியத் தொடங்கியது.
அழுத்து. பிடி.

எத்தனையாவது மிதியிலோ
கால் பாதியில் நின்றது.
சுவரில் முட்டியது போல் அல்ல;
தெரிந்தவர் யாரோ உள்ளங்கையை வைத்து
"இவ்வளவு போதும்" என்றது போல்.

சோதித்துப் பார்க்க அவளே தனியாக ஓட்டினாள்,
நடந்துபோகும் வேகத்தில்.
தெரு கடலை நோக்கிக் கவிழும் முனையில்
பின்விளக்கு இரண்டும் சிவந்து நின்றன.
திரும்பி வந்து மறுபடி போனாள்.
நான் சோப்பு போட்டுக் கை கழுவி,
எண்ணெய் வாடை போகாமல்
மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

அதிகாலை மூன்று மணி. ஆறாம் படுக்கைப் பிள்ளைக்கு
ஊசியை நிமிர்த்திப் பிடிக்கையில்
செருப்புக்குள் என் வலது கால்
யாரும் சொல்லாமல் அழுத்திப் பிடித்திருந்தது.
குமிழி ஏறிப் போனதும் விட்டேன்.

சனிக்கிழமை பின்சக்கரங்களாம்.